கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று: சோலைக்கிளிகள் இரண்டும் நிற்கும் இடம்

உதகமண்டலத்தின் கெய்ர்ன் ஹில் சோலையில் கிழக்கு வெளுக்கும் முன்பே ஒரு பறவை பாடத் தொடங்கிவிடும். ஆள் கண்ணில் படாது. தரையை ஒட்டிய புதருக்குள்ளிருந்து சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த பாட்டு மட்டும் வரும். கொடைக்கானலின் பாம்பே சோலையிலும் அதே வேளையில் ஏறக்குறைய அதே பாட்டு கேட்கும். இரண்டும் சிட்டுக்குருவிக்குச் சமமான சிறு பறவைகள். கருநீல முதுகும் வெள்ளை வயிறும் நீண்ட கால்களும் கொண்டவை. ஆனால் ஊட்டிப் பறவை ஒருநாளும் கொடைக்கானலுக்குப் போனதில்லை. கொடைக்கானல் பறவை ஊட்டியைப் பார்த்ததில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த நிலை நீடிக்கிறது.

முதலாவது நீலகிரிச் சோலைக்கிளி. இரண்டாவது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் இரண்டும் ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாட்டுப் பறவைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில் நீலகிரிப் பறவை ‘அருகிய இனம்’ என்றும், தெற்கத்திப் பறவை அதற்கு ஒரு படி கீழான ‘அழிவாய்ப்பு இனம்’ என்றும் மதிப்பிடப்பட்டுள்ளன. ஒரே வகைக் காட்டில், ஒரே மாதிரி வாழும் இரு பறவைகளுக்கு ஏன் இரு வேறு மதிப்பீடுகள்? தெற்கே இருப்பது உண்மையிலேயே பத்திரமாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, பறவைகளின் உடலமைப்பு, அவற்றைப் பிரித்த நிலம், அந்த நிலத்துக்கு நேர்ந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

தோற்றத்தில் வேறுபாடு வயிற்றின் பக்கவாட்டில் இருக்கிறது. நீலகிரிப் பறவைக்கு விலாப்பகுதி செம்பழுப்பு. நடுவயிறு மட்டும் வெள்ளை. தெற்கத்திப் பறவைக்குச் செம்பழுப்பு கிடையாது. விலா நீலச் சாம்பலாகவும் வயிறு பளிச்சென்ற வெள்ளையாகவும் இருக்கும். நெற்றியை ஒட்டி ஓடும் வெளிர்ந்த புருவக்கோடும் இதற்குக் கூடுதல் தெளிவு. வாழ்க்கை முறையில் மட்டும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் இலைச்சருகு மூடிய தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும் பூச்சி பிடித்து உண்பவை. மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியால் கிண்ணக்கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுபவை. காலையும் மாலையும் வெளிச்சம் மங்கிய நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். வெட்டவெளியில் நெடுந்தூரம் பறக்கும் பழக்கம் இரண்டுக்குமே இல்லை. இந்தக் கடைசிக் குணம்தான் இவற்றின் வரலாற்றையும் இன்றைய ஆபத்தையும் தீர்மானிக்கிறது.

அறிவியல் உலகுக்கு நீலகிரிப் பறவையை 1840களில் அறிமுகப்படுத்தியவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் மருத்துவராக இருந்து, தென்னிந்தியப் பறவைகளை அலைந்து திரிந்து பதிவு செய்தவர். கொடைக்கானல் பறவையைப் பழனி மலையில் திரட்டியவர் அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் ஃபேர்பேங்க். அதை 1868இல் தனி இனமாக விவரித்தவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. ஆக, தொடக்கத்தில் இரண்டும் இரண்டு இனங்களாகவே இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகத் தோல்களை மட்டும் வைத்து ஒப்பிட்ட அறிஞர்கள், வேறுபாடு சிறியது என்று கருதி இரண்டையும் ஒரே இனத்தின் துணையினங்களாக இணைத்துவிட்டனர். இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் குட்டைச்சிறகன்களோடு சேர்த்து வைத்தனர். 2005இல் பமீலா ராஸ்முசென் தெற்காசியப் பறவைகள் பற்றிய தம் கையேட்டில் இரண்டையும் மீண்டும் பிரித்தார்.

முடிவான விடை மரபணுவிலிருந்து வந்தது. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி.கே. விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இவை குட்டைச்சிறகன்களும் அல்ல, ராபின் வகைப் பறவைகளும் அல்ல என்று காட்டியது. நெருங்கிய உறவு நீல ஈப்பிடிப்பான்களோடுதான். ஆனால் அவற்றிலிருந்தும் வெகுகாலத்துக்கு முன்பே கிளைத்துவிட்டதால், ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினமே இவற்றுக்காக உருவாக்கப்பட்டது. அதே ஆய்வு, இதே மலைகளில் வாழும் சிரிப்பான்களுக்கும் ‘மான்டெசிங்க்லா’ என்ற தனிப் பேரினத்தை வகுத்தது. தென்னிந்திய மலையுச்சிகளிலேயே பிறந்து, அங்கேயே கிளைத்த இரண்டு பறவைக் குலங்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறுதியானது.

பாதுகாப்புக் கோணத்தில் இதன் கனம் பெரிது. ஒரு துணையினம் அழிந்தால் இனம் மிஞ்சும் என்று ஆறுதல் கொள்ள இடமுண்டு. இங்கே அழிந்துபோகக் கூடியது ஒரு முழுப் பேரினம்.

கணவாய் பிரித்தது

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீண்டு கிடந்தாலும், இடையில் பாலக்காட்டில் திடீரென்று தாழ்ந்துவிடுகிறது. அந்தக் கணவாய் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலம் உடையது. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டு உயரங்களுக்கும் நடுவே கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் சமவெளியிலேயே ஓடுகிறது. 1,000 மீட்டருக்கு மேலே, அதிலும் பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த சோலையில் வாழும் ஒரு புதர்ப்பறவைக்கு இந்த வெப்பச் சமவெளி கடல் போன்றது. சூழலியலாளர்கள் இம்மலையுச்சிகளை ‘வானத் தீவுகள்’ என்று அழைப்பது இதனால்தான்.

சோலைக்கிளிகளின் மரபணுவில் மிக ஆழமான பிளவு இந்தக் கணவாயில்தான் தெரிகிறது. ராபின், அனிந்திய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை முதலில் தெளிவாக்கியது. அதற்குத் தெற்கே இன்னொரு பிளவும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் பாலக்காட்டைவிடக் குறுகலானது. இருந்தும், அதற்கு அப்பாலுள்ள அகத்தியமலைத் தொடரின் பறவைகள், ஆனைமலை, பழனிமலைப் பறவைகளிலிருந்து தனித்தே வளர்ந்திருக்கின்றன. அசம்பு மலைகள் என்று அழைக்கப்படும் அப்பகுதியின் பறவைக்கு 2017இல் ‘ஆஷாம்புயென்சிஸ்’ என்ற தனி அறிவியல் பெயரும் சூட்டப்பட்டது. பெரும்பாலான பறவைப் பட்டியல்கள் அதை இன்னும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் துணையினமாகவே கொள்கின்றன. இந்தச் சிறு விவரம் பின்னால் பெரிதாகும்.

மரபணு சொன்னதைப் பாட்டும் சொல்கிறது. சேதனா புருஷோத்தமும் ராபினும் வெவ்வேறு மலைகளில் பதிவு செய்த சோலைக்கிளிப் பாடல்களை ஒப்பிட்டு 2016இல் ஆய்வு வெளியிட்டனர். பழங்காலக் கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறுபட்டிருந்ததில் வியப்பில்லை. ஆனால், அண்மைக் காலத்தில் மனிதர் காடழித்ததால் பிரிந்துபோன கூட்டங்களுக்கு இடையிலும் பாட்டின் சில கூறுகள் மாறியிருந்தன. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துச் செய்த பிரிவினையை, காட்டை வெட்டிய சில தலைமுறைகள் வேறு அளவில் தொடங்கி வைத்துவிட்டன என்பதற்கு இது கேட்கக் கூடிய சான்று.

வடக்கே: ஒரு பீடபூமியின் சுருக்கம்

நீலகிரிச் சோலைக்கிளியின் உலகம் சிறியது. வயநாடு, பிரம்மகிரி, பாபாபுதன் மலைகளிலும் பதிவுகள் உண்டு என்றாலும், அதன் வாழ்வின் மையம் நீலகிரிப் பீடபூமி. அந்தப் பீடபூமியின் கணக்கைப் பார்த்தாலே செம்பட்டியல் ஏன் ‘அருகிய இனம்’ என்கிறது என்பது விளங்கும்.

1849ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நீலகிரி மேட்டுநிலத்தில் 8,600 ஹெக்டேர் சோலையும் 29,875 ஹெக்டேர் புல்வெளியும் இருந்தன. 1992இல் சோலை 4,225 ஹெக்டேராகவும் புல்வெளி 4,700 ஹெக்டேராகவும் சுருங்கியிருந்தன. அதாவது சோலையில் பாதி போயிற்று. புல்வெளியில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே மிஞ்சியது. அந்த இடத்தில் வந்தவை 11,475 ஹெக்டேர் தேயிலை, 9,775 ஹெக்டேர் சீகை, 5,150 ஹெக்டேர் கற்பூர மரம். மலைவாசிகள் சீகை என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை. கற்பூர மரம் என்பது யூகலிப்டஸை. இரண்டையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காகக் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் வனத்துறையே பரந்த அளவில் நட்டது. அந்நாளில் புல்வெளி ‘வெற்று நிலம்’ என்றே கோப்புகளில் எழுதப்பட்டது. மரம் நட்டால் காடு வளரும் என்பது அன்றைய எண்ணம்.

குந்தா நீர்மின் திட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, போர்த்திமந்து அணைகள் மாநிலத்துக்கு மின்சாரம் தந்தன; கூடவே, சோலைகள் செழித்திருந்த பள்ளத்தாக்குகளை நீருக்குள் வைத்தன. சோலை எப்போதும் மடிப்பிலும் நீரோடையிலும் வளர்வது. அணை கட்டுவதற்கு உகந்த இடமும் அதுவே.

மிஞ்சிய சோலைகள் பல துண்டுகளாக நிற்கின்றன. இயற்கையிலேயே சோலை துண்டுதான். புல்வெளிக் கடலில் பச்சைத் திட்டுகளாகத்தான் அது எப்போதும் இருந்துவந்தது. உறைபனி கடுமையான புல்வெளியில் சோலை மரக்கன்றுகள் பிழைப்பது அரிது என்பதால் இரண்டும் தத்தம் எல்லையில் நின்றன. வெளிநாட்டு மரங்கள் பனியைத் தாங்கி அந்த எல்லையைக் கடந்தன. இன்று திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் இருப்பது தேயிலைத் தோட்டமும் சாலையும் காய்கறிப் பாத்தியும் கட்டடமும். சோலையின் ஓரங்களில் செஸ்ட்ரம் போன்ற அந்நியப் புதர்கள் மண்டிக் கீழடுக்கை மாற்றுகின்றன. தரையில் இரை தேடும் பறவைக்குக் கீழடுக்குதான் வீடு. மேலே மரம் நின்றாலும் கீழே வீடு இல்லாமல் போகலாம்.

ஊட்டி நகர எல்லையிலேயே இப்பறவை காணக் கிடைப்பது சிலருக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது. சிறிய சோலைத் துண்டிலும் இது தாக்குப்பிடிப்பது உண்மை. ஆனால் நகரை ஒட்டிய துண்டில் காணும் பறவை அங்கே வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்துப் பெருகுகிறதா, அடுத்த துண்டுக்கு அதன் குஞ்சு போய்ச் சேர முடிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்த ஒரு காட்சி சொல்லாது. முக்குருத்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டர் போன்ற தொடர்ச்சியான பரப்புகள்தான் இவ்வினத்துக்கு உண்மையான நங்கூரம்.

தெற்கே: பரந்த நிலம், பிரிந்த மலைகள்

வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு இடம் அதிகம். வால்பாறைக்கு மேலே ஆனைமலையின் புல்மலைப் பகுதி, இரவிகுளம், மன்னவன் சோலை, பாம்பாடும் சோலை, கொடைக்கானல், மேகமலை, அகத்தியமலை என்று தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்ட உயர்மலைகள் அதன் வசம் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி ஏதாவது ஒரு வகைச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனைமலையும் களக்காடு முண்டந்துறையும் புலிகள் காப்பகங்கள். இரவிகுளம் தேசியப் பூங்கா. கொடைக்கானல் 2013இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. திருவில்லிபுத்தூர் மேகமலை 2021இல் புலிகள் காப்பகம் ஆனது. பரப்பும் பாதுகாப்பும் கூடுதல் என்பதே இதற்கு ஒரு படி இலகுவான மதிப்பீடு கிடைத்ததன் காரணம். வடக்கத்திப் பறவையோடு ஒப்பிட்டால் அது நியாயமான மதிப்பீடுதான்.

ஆனால் தெற்கின் உள்ளே நுழைந்து பார்த்தால் படம் சீராக இல்லை. பழனி மலையை எடுத்துக்கொள்ளலாம். எம். அரசுமணியும் உடன் ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்குள்ள மலைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாகக் காட்டியது. அந்த இடத்தை மரத்தோட்டங்களும் விவசாயமும் பிடித்தன. நீலகிரிக்கு நூறாண்டுக்கு மேல் எடுத்த மாற்றம் பழனியில் ஒரு மனித ஆயுளுக்குள் நடந்திருக்கிறது. சரணாலய அறிவிப்பு வரும்போது மாற்றத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

அதே குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் வானத் தீவுகள் முழுவதையும் ஆராய்ந்தபோது, 1973 முதல் 2017 வரை 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது 23 விழுக்காடு, அழிந்திருந்தது தெரிந்தது. முதன்மைக் காரணம் அந்நிய மரங்களின் பரவல். சோலைப் பரப்பு இதே காலத்தில் ஒட்டுமொத்தமாகப் பெரிதும் மாறவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவே. இதை நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சோலையை நேரடியாக வெட்டும் காலம் பெருமளவு கடந்துவிட்டது. இப்போதைய சிக்கல், மிஞ்சிய சோலைத் துண்டுகளுக்கு நடுவே என்ன நிற்கிறது என்பதும், அத்துண்டுகளின் உள்தரம் எப்படி இருக்கிறது என்பதும்தான்.

இதற்கு 2015இல் வெளியான ஓர் ஒப்பீடு வலுச் சேர்க்கிறது. தெற்கு மலைகளில் வாழும் சோலைக்கிளியையும் சிரிப்பானையும் ஒருசேர ஆராய்ந்த ராபின் குழுவினர், செங்கோட்டைக் கணவாய் இரண்டையுமே பிரித்திருப்பதைக் கண்டனர். ஆனால் அண்மைக் காடழிப்பின் தடம் சோலைக்கிளியின் மரபணுவில்தான் தெரிந்தது. சிரிப்பானிடம் அப்படித் தெரியவில்லை. சிரிப்பான் கூட்டமாகத் திரிந்து தோட்டத்திலும் பழம் பறித்து உண்ணும். தேயிலை ஓரத்தையும் தாண்டிப் போகும். சோலைக்கிளி தன் புதரை விட்டு வெளியே வரத் தயங்கும். ஒரே மலையில், ஒரே காடழிப்புக்கு உட்பட்ட இரண்டு பறவைகளில் எது முதலில் தனிமைப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

மதிப்பீட்டில் மறைந்திருப்பது

செம்பட்டியல் இனத்தை அலகாகக் கொள்கிறது. எத்தனை சதுர கிலோமீட்டரில் வாழ்கிறது, அந்த வாழிடம் எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறதா என்ற அளவுகோல்களை அந்த இனத்தின் மொத்தப் பரப்புக்கும் பொருத்துகிறது. எனவே இனத்தின் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறும். வரலாறே இதற்குச் சாட்சி: வடக்கும் தெற்கும் ஒரே இனமாக எண்ணப்பட்ட வரை, நீலகிரிப் பறவையின் நெருக்கடி தெற்கின் பரப்பில் கலந்து நின்றது. பிரித்த பிறகே அதன் குறுகிய பரப்பு தனியாகக் கணக்கில் வந்தது.

இப்போது அதே நிலையில் இருப்பது அசம்பு மலைப் பறவை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உயர்மலைச் சோலை மிகக் குறைவு. அகத்தியமலைத் தொடரின் உச்சிகள் குறுகியவை. அங்குள்ள பறவை ஆனைமலைப் பறவையோடு கலப்பதில்லை. ஆனால் மதிப்பீட்டில் அதற்கென்று தனி வரி கிடையாது. அதன் பரப்பு வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் மொத்தத்தோடு கூட்டப்படுகிறது. நாளை அது தனி இனமாக ஏற்கப்பட்டால், ‘அழிவாய்ப்பு’ என்ற தெற்கின் ஒரே மதிப்பீடு இரண்டாகப் பிரியும். அசம்புப் பறவைக்குக் கிடைக்கும் நிலை இதைவிடக் கடுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வகைப்பாட்டு விவாதம் முடியும் வரை காப்புப் பணி காத்திருக்கத் தேவையில்லை. பறவைகள் மலைவாரியாகப் பிரிந்திருக்கின்றன என்பது ஏற்கெனவே ஐயமற நிறுவப்பட்ட செய்தி.

இன்னொரு ஆபத்து இரண்டுக்கும் பொதுவானது. மலையடிவாரத்தில் வெப்பம் ஏறினால் அங்குள்ள உயிரினங்கள் மேலே நகரலாம். உச்சியில் இருப்பவற்றுக்கு மேலே போக இடமில்லை.

சீகையை வெட்டினால் போதுமா?

அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. நல்ல திருப்பம். ஆனால் எங்கே, எப்படி என்பதில்தான் பறவையின் கதி இருக்கிறது.

புல்வெளிக்குள் இப்போதுதான் பரவத் தொடங்கிய இளஞ்சீகையைப் பிடுங்குவது செலவு குறைந்தது, பலன் உறுதியானது. பல பத்தாண்டு முதிர்ந்த சீகைத் தோப்பு வேறு விதம். பழனியிலும் நீலகிரியிலும் அத்தகைய தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கின்றன. சோலையை ஒட்டிய தோப்பில் கீழடுக்கு இப்படித் திரும்பினால், இரண்டு சோலைத் துண்டுகளுக்கு நடுவே சோலைக்கிளி கடந்து போகும் வழியாக அது மாற இடமுண்டு. அங்கே இயந்திரத்தைக் கொண்டுபோய் ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால், கன்றுகளும் போகும். திறந்த மண்ணில் சீகை விதைகளே முதலில் முளைக்கும். சீகை விதை மண்ணுக்குள் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் தன்மையுடையது. எனவே புல்வெளியில் பிடுங்கல், சோலை ஓரத்தில் நிதானமான ஊடறுப்பு, வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் தொடர் களையெடுப்பு என்று இடத்துக்கு ஏற்ற முறை வேண்டும். மலைக்கிராமங்கள் அடுப்பெரிக்கச் சீகை விறகையே நம்பியிருப்பதால், அகற்றும் திட்டத்தில் அவர்களின் எரிபொருள் தேவையும் கூலியும் இடம்பெற வேண்டும். இல்லையென்றால் விறகுக் கத்தி சோலைக்குத் திரும்பும்.

வடக்கே முதல் தேவை இணைப்பு: முக்குருத்திக்கு வெளியே சிதறிக் கிடக்கும் சோலைத் துண்டுகளைக் கீழடுக்கோடு சேர்த்து இணைப்பது. தெற்கே முதல் தேவை மலைவாரியான கணக்கெடுப்பு: ஆனைமலை, பழனி, மேகமலை, அகத்தியமலை ஒவ்வொன்றிலும் எத்தனை சோலைகளில் பறவை இருக்கிறது, எங்கே இல்லாமல் போய்விட்டது என்ற தனித்தனிப் பதிவு. விடியலில் தவறாமல் பாடும் பறவை என்பதால் இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை; பயிற்சி பெற்ற வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களும் காதால் கேட்டே செய்து முடிக்கலாம். பாட்டைப் பதிவு செய்து ஒலிபரப்பிப் பறவையை வெளியே இழுக்கும் பழக்கத்தைச் சுற்றுலாப் படப்பிடிப்பாளர்கள், முக்கியமாக ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கூடுகட்டும் பருவத்தில், கைவிட வேண்டும்.

இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது என்று கேட்டால், இன்றைய சான்றுகளின்படி நீலகிரிச் சோலைக்கிளிதான். ஆனால் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்குக் கிடைத்த ஒரு படி இலகுவான மதிப்பீட்டைப் பழனிக்கும் அசம்புக்கும் கிடைத்த நற்சான்றிதழாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த மதிப்பீட்டின்போது அசம்பு மலைப் பறவையைத் தனி அலகாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே, தமிழ்நாட்டு, கேரள வனத்துறைகள் தங்கள் மேலாண்மைத் திட்டங்களில் சோலைக்கிளியை மலை மலையாகப் பெயர் சொல்லி எழுதி, சீகை அகற்றும் பணியை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும்.